சுட்டிக் காட்டும் கலை: மென்பொருள் செயல்விளக்கப் படங்களின் வரலாறு

தறியில் ஓடம் இடமும் வலமும் பாய்வதைப் பார்த்தவருக்கு நெய்தலின் பாதி புரிந்துவிடும்; ஏற்றத்தில் சால் இறங்கி நிறைந்து ஏறுவதைக் கண்டவருக்கு அதன் இயக்கத்தை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மென்பொருளுக்கு இத்தகைய வெளிப்பட்ட அசைவு கிடையாது. கணிப்பொறியின் உள்ளே ஓடும் மின்துடிப்புகளைக் கண்ணால் காண இயலாது. திரையில் தோன்றுவது விளைவு மட்டுமே. அவ்விளைவுக்கு முன்பு பயனர் எதைத் தொட்டார், எந்த வரிசையில் தொட்டார், எந்த இடத்தில் சற்றுத் தயங்கினார் என்பவை திரையில் தடமின்றி மறைந்துவிடுகின்றன. அச்சிட்ட கையேடு இந்த வரிசையை எண்ணிட்ட படிகளாக எழுதிக் காட்ட முயன்றது. ஆயினும் கையேட்டைப் படிப்பவர் ஒரு கண்ணைத் தாளிலும் மறு கண்ணைத் திரையிலும் வைத்துக்கொண்டு, சொல்லப்பட்ட பொத்தான் எங்கே இருக்கிறது என்று தாமே தேடவேண்டியிருந்தது. இந்த இடைவெளியை நிரப்பவே செயல்விளக்கப் படம் என்னும் வடிவம் உருவாயிற்று.

செயல்விளக்கம் என்பது ஒரு கருவியைப் பற்றிப் பேசுவதோடு நில்லாமல், அதை இயக்கியே காட்டுவதாகும். வேளாண் துறையினர் வயலில் இறங்கி நடத்திக் காட்டுவதற்கும் வழங்கும் இச்சொல், மென்பொருள் அலுவலகங்களின் அன்றாடப் பேச்சில் ‘டெமோ’ என்றே நிலைத்துவிட்டது. தமிழில் மவுஸ் என்னும் கருவிக்குச் சுட்டி என்று பெயர் அமைந்தது இங்கு நினைக்கத்தக்கது. அ, இ, உ ஆகிய மூன்றையும் இலக்கணம் சுட்டெழுத்துகள் என்று வகுக்கிறது. ஒரு பொருள் சேய்மையில் உள்ளதா அண்மையில் உள்ளதா என்பதைப் பேசுபவரின் இடத்தை வைத்தே அவை உணர்த்துகின்றன. செயல்விளக்கத்தின் மொழியும் அதுவே. ‘இதை, இங்கே, இப்போது’ என்னும் மூன்று சொற்களுக்குத் திரையில் நகரும் ஒரு சிறு குறி பொருள் தருகிறது. கடந்த 60 ஆண்டுகளில் இக்கலையின் பதிவுக் கருவிகள் படச்சுருள், ஒளிநாடா, வட்டு, இணையம் எனப் பலமுறை மாறியுள்ளன. ஆனால் தெளிவாக அமைந்த படங்கள் அனைத்திலும் ஒரே அமைப்பைக் காணலாம்: ஒரு மனிதர் தமக்கு உண்மையில் தேவையான ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்கிறார், அவர் கை எங்கே செல்கிறது என்பது பார்ப்பவரின் கண்ணுக்கு ஒரு கணமும் தப்புவதில்லை.

இத்தகைய படங்களின் தொடக்கம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அமைந்தது. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டிஎக்ஸ்-2 என்னும் கணிப்பொறியில், ஐவன் சதர்லாந்து தமது முனைவர் பட்ட ஆய்வுக்காக 1963-இல் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் வரைவு மென்பொருளை உருவாக்கினார். ஒளிப்பேனா எனப்பட்ட, திரையின் ஒளியை உணரும் ஒரு கோலைத் திரைமீது வைத்து நகர்த்தினால் கோடுகள் உருவாயின. கோணலாக வரைந்த பக்கங்களை இணைகோடுகளாகவோ செங்குத்தாகவோ ஆக்கும்படி கட்டளையிட்டால், படம் கண்முன்னே தன்னைத் தானே நேராக்கிக்கொண்டது. துளையிட்ட அட்டைகளை நீட்டிவிட்டு மணிக்கணக்கில் விடைக்குக் காத்திருந்த காலத்தில், இதை எழுத்தில் விவரித்தால் படித்தவர்களுக்கு முழுமையாக விளங்கியிராது. பாஸ்டனின் டபிள்யூஜிபிஹெச் தொலைக்காட்சி 1964-இல் ‘சயன்ஸ் ரிப்போர்ட்டர்’ தொடருக்காக இதைப் படம்பிடித்தபோது, பேராசிரியர் ஸ்டீவன் கூன்ஸ் தொகுப்பாளருக்கு விளக்கம் சொல்ல, டிமோதி ஜான்சன் கணிப்பொறி முன் அமர்ந்து வரைந்து காட்டினார். விளக்குபவர் ஒருவர், இயக்குபவர் மற்றொருவர் என்ற இந்தப் பிரிவினை பாட்டுக்கும் அபிநயத்துக்கும் தனித்தனி ஆள் நிற்கும் மேடையை ஒத்திருந்தது. பின்னாளில் இவ்விரு பொறுப்புகளும் ஒருவரிடமே சேர்ந்தபோதுதான் இவ்வடிவம் தன் முழு வலிமையைப் பெற்றது.

ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் நோல்ட்டன் வேறொரு வழியைத் திறந்தார். கணிப்பொறியைக் கொண்டே அசைவூட்டப் படம் தயாரிக்கும் ‘பெஃப்ளிக்ஸ்’ என்னும் மொழியை உருவாக்கிய அவர், எல்-6 என்று பெயரிட்ட தமது நிரல்மொழியை விளக்க 1966-இல் ஒரு படத்தை வெளியிட்டார். நிரல்மொழி என்பது கணிப்பொறிக்கு ஆணைகளை எழுதப் பயன்படும் செயற்கை மொழி. சதர்லாந்தின் மென்பொருளைப் பற்றிய படம் மனிதரும் பொறியும் ஈடுபடும் உரையாடலைக் காட்டியது. நோல்ட்டனின் படமோ பொறிக்குள் நினைவகத் துண்டுகள் ஒன்றோடொன்று கோக்கப்படுவதை, அதாவது எவராலும் நேரில் காணவே முடியாத ஒன்றைக் காட்டியது. இவ்விரண்டு வழிகளும் பின்பு தனித்தனியே வளர்ந்தன.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நிகழ்வு இவ்வரலாற்றில் நின்று நோக்கத்தக்கது. மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பர்ட், கணிப்பொறியாளர்களின் இலையுதிர்கால மாநாட்டில் ஏறத்தாழ 1000 பேர் முன்னிலையில் 90 நிமிடங்கள் தமது ‘என்எல்எஸ்’ அமைப்பை இயக்கிக் காட்டினார். சுட்டி, ஒரு சொல்லிலிருந்து மற்றோர் ஆவணத்துக்குத் தாவும் மீயிணைப்பு, தொலைவில் இருப்பவருடன் ஒரே ஆவணத்தில் சேர்ந்து பணியாற்றுதல் என இன்று பழகிப்போன பலவற்றை மக்கள் திரளாக முதன்முதலில் கண்டது அன்றுதான். மேடையில் கணிப்பொறி ஏதும் இருக்கவில்லை. அது ஏறத்தாழ 30 மைல் தொலைவில் மென்லோ பார்க்கிலேயே இருந்தது. அங்கிருந்து திரைக்காட்சி நுண்ணலை இணைப்பின் வழியே வந்துசேர, அரங்கின் பெருந்திரையில் அதை ஐடோஃபோர் என்னும் சுவிட்சர்லாந்து ஒளிவீழ்த்தி விரித்துக் காட்டியது. இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் வகுத்தவர் பில் இங்கிலிஷ். சுட்டியின் முதல் மாதிரியை மரத்தில் கடைந்து செய்தவரும் அவரே.

இதில் ஒரு தொழில்நுட்பச் செய்தி தனிக் கவனத்துக்குரியது. அக்காலத்தில் வரைகலைத் திரைகள் மிகுந்த விலையுடையவை என்பதால், எங்கல்பர்ட்டின் குழுவினர் கணிப்பொறி அறையில் ஐந்தங்குலச் சிறுதிரைகளை அமைத்து, ஒவ்வொன்றின் முன்பும் ஒரு தொலைக்காட்சிக் கேமராவை நிறுத்தி, அக்கேமராவின் காட்சியையே பணியாளர் மேசையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கு அனுப்பினர். ஆகவே அவர்கள் நாள்தோறும் பார்த்து வேலை செய்த திரையே ஓர் ஒளிக்காட்சிதான். அக்காட்சியை வேறொரு காட்சியுடன் கலக்கவோ, இருவேறு இடங்களுக்கு ஒருசேர அனுப்பவோ, படச்சுருளில் பதியவோ புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. எங்கல்பர்ட்டின் முகமும் அவர் திருத்தும் எழுத்தும் ஒரே திரையில் ஒன்றன்மீது ஒன்றாகத் தோன்றிய காட்சி பார்த்தவர்களுக்கு மாயம்போல் இருந்திருக்கும்; உண்மையில் அது சிக்கனத்திற்காகச் செய்த ஓர் ஏற்பாட்டின் பயன்.

அன்றைய செயல்விளக்கத்தின் உள்ளடக்கமும் கருதத்தக்கது. எங்கல்பர்ட் முதலில் வெற்றுச் சொற்களைத் தட்டச்சுசெய்து, அவற்றைப் படியெடுத்தும் நகர்த்தியும் கருவியின் அடிப்படைகளை அறிமுகப்படுத்தினார். அதன்பின் அவர் எடுத்துக்கொண்டது கடைக்குப் போய் வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியல். வாழைப்பழம் முதலாக வரிசையின்றிக் கிடந்த பெயர்களை அவர் வகைப்படுத்தினார். ஒவ்வொரு வகையின்கீழும் உரியவற்றைச் சேர்த்தார். விரும்பியபோது தலைப்புகளை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்தார். பின்பு வீடு திரும்பும் வழியின் எளிய வரைபடம் ஒன்று வந்தது. அதில் நூலகம் என்ற இடத்தைச் சுட்டியதும், அங்கு ஆகவேண்டிய காரியம் திரையில் எழுந்தது. நாட்டின் பாதுகாப்பு ஆய்வு நிதியில் உருவான ஓர் அமைப்பை விளக்க மளிகைப் பட்டியலைத் தேர்ந்தெடுத்த அந்த முடிவில் பெரும் விவேகம் இருந்தது. பார்ப்பவருக்கு வேலை ஏற்கெனவே தெரிந்திருந்தால் அவருடைய கவனம் முழுவதும் கருவியின்மீது செல்லும். வேலையும் புதிது கருவியும் புதிது என்றால் இரண்டுமே விளங்காமல் போகும்.

சுட்டியை அறிமுகப்படுத்துகையில், அதற்கு ஏன் எலி என்னும் பொருள்படும் அப்பெயர் வந்தது என்று தமக்கே தெரியாது என்றும், அவ்வாறு தொடங்கிய பெயரை மாற்றாமலே விட்டுவிட்டோம் என்றும் எங்கல்பர்ட் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அவர் குரலில் விற்பனையாளரின் முனைப்பு இல்லை. செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லி, செய்து, நடந்ததை மீண்டும் ஒருமுறை சொல்லிச் செல்லும் ஆசிரியரின் நிதானமே இருந்தது. அன்று 16 மில்லிமீட்டர் படச்சுருளில் பதிவானதால்தான் அந்நிகழ்வு பிற்காலத்திற்குக் கிடைத்தது. எல்லாச் செயல்விளக்கங்களுக்கும் தாய் என்ற பட்டப்பெயர் அதற்கு வந்தது கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 1994-இல் வெளியான ஸ்டீவன் லெவியின் நூலால்.

1970-களில் ஒளிநாடா மலிவானதும், ஆய்வாளர்கள் தம் மென்பொருளைப் படமாகவே ஒருவருக்கொருவர் அனுப்பத் தொடங்கினர். கணிப்பொறி வரைகலையாளர்களின் அமைப்பான ‘சிக்கிராஃப்’ 1979 முதல் ஒளிநாடா வடிவிலேயே ஓர் ஆய்விதழை நடத்தியது. கட்டுரையில் அச்சிட இயலாத அசைவுக்கு அதில் இடம் கிடைத்தது. நோல்ட்டன் திறந்த வழியின் உச்சம் என்று 1981-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ரொனால்டு பேக்கர் முடித்த ‘சார்ட்டிங் அவுட் சார்ட்டிங்’ என்னும் 30 நிமிடப் படத்தைச் சொல்லவேண்டும். கலைந்து கிடக்கும் எண்களை வரிசைப்படுத்தும் ஒன்பது முறைகளை, செருகுதல், இடமாற்றுதல், தெரிவுசெய்தல் என மும்மூன்றாகப் பிரித்து அது விளக்குகிறது. முதலில் சில கம்பிகளை மட்டும் வைத்து ஒவ்வொரு முறையின் அடியோட்டமும் மெதுவாகக் காட்டப்படுகிறது. இறுதியில் ஒன்பது முறைகளும் ஒரே திரையில், புள்ளிகளின் மேகங்களாக, ஒரே நேரத்தில் ஓட்டப்பந்தயத்தில் இறங்குகின்றன. விரைவு வரிசையாக்கம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிட, குமிழி வரிசையாக்கம் மற்றவை எல்லாம் முடித்தபின்பும் ஊர்ந்துகொண்டே இருக்கும் அக்காட்சியைக் கண்ட மாணவருக்கு, இரண்டின் வேக வேறுபாட்டைக் கணிதக் குறியீட்டில் பிறகு எழுதிக் காட்டும்போது அது புதிய செய்தியாகவே இராது.

ஆய்வுக்கூடத்திலிருந்து கடைத்தெருவுக்கு வந்தபோது செயல்விளக்கம் மற்றொரு பொறுப்பை ஏற்றது. 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள்-2 கணிப்பொறிக்காக வெளிக்கொணர்ந்த ‘விசிகால்க்’ என்னும் மின்விரிதாள், வாயால் விவரித்தால் கட்டமிட்ட கணக்குப் பேரேடு என்பதற்குமேல் எதையும் உணர்த்தாது. ஒரு கட்டத்தில் உள்ள எண்ணை மாற்றியதும் அதைச் சார்ந்த மற்றக் கட்டங்கள் அனைத்தும் தாமாகவே மாறுவதைக் கண்ட கணக்கருக்கு, அதற்குமேல் சொல்வதற்கும் எதுவும் இருக்கவில்லை. அதே பிரிக்ளின் 1985-இல் ‘டெமோ புரோகிராம்’ என்ற பெயரிலேயே ஒரு மென்பொருளை வெளியிட்டார். இன்னும் எழுதி முடிக்காத ஒரு மென்பொருளின் திரைகளை வரைந்து அடுக்கி, எந்த விசையை அழுத்தினால் எந்தத் திரை வரவேண்டும் என்று கோத்துவைக்க அது உதவியது. செயல்விளக்கம் தயாரிப்பதே ஒரு தனித் தொழில் என்பதற்கு இது ஒரு தொடக்கக்கால அடையாளம். இல்லாத ஒன்றை இருப்பதுபோலக் காட்டவும் இதனால் முடிந்தது என்பதையும் உடன் குறிப்பிடவேண்டும்.

1984 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட மெக்கின்டாஷுடன் ஒரு பிளாப்பி வட்டும் ஓர் ஒலிநாடாக் கேசட்டும் சேர்ந்தே வந்தன. அவ்வட்டின் கொள்ளளவு 400 கிலோபைட். ஒரு மனிதக் குரலைச் சில நிமிடங்கள் பதிந்துவைக்கவும் அது போதாது. எனவே குரல் கேசட்டில் ஒலிக்க, முன்பே பதிந்துவைத்த சுட்டி அசைவுகளை வட்டு இயக்க, திரையில் சுட்டிக்குறி யாரும் தொடாமலே நகர்ந்து பட்டியல்களைத் திறந்து மூடியது. வீட்டில் ஏற்கெனவே இருந்த கேசட் பெட்டியைத் துணைக்கு அழைத்த இந்த ஏற்பாட்டைக் குறை என்று எண்ணவேண்டியதில்லை. குரலும் காட்சியும் தனித்தனியே இருந்ததால், பயனர் கேசட்டை நிறுத்திவிட்டுத் தாமே சுட்டியைப் பிடித்துப் பழகிப் பார்க்க முடிந்தது. பிற்காலப் படங்கள் பலவற்றில் இந்த நின்று செய்யும் இடைவெளி இல்லாமற்போனது.

அடுத்த பத்தாண்டில் பயிற்சிப் படங்கள் வீட்டு ஒளிநாடாவாகப் பெருகின. விண்டோஸ் 95 வெளியானபோது, ஜெனிஃபர் அனிஸ்டன், மேத்யூ பெரி ஆகிய தொலைக்காட்சி நடிகர்களைக் கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேர நாடகமாகவே ஒரு வழிகாட்டிப் படத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. கணிப்பொறியைக் கண்டு அஞ்சியவர்களைத் திரைமுன் உட்காரவைக்க அது உதவியிருக்கலாம். கருவியைக் கற்பித்தது என்று சொல்வது கடினம். முகங்களுக்கும் வசனத்துக்கும் இடம் பெருகப் பெருக, சுட்டிக்குறிக்குரிய இடம் குறைந்துபோயிற்று.

கணிப்பொறியே தன் திரையைத் தானே பதிவுசெய்யும் முறை வந்தது 1990-களில். அதன் இடர்ப்பாட்டை ஒரு சிறு கணக்கால் உணரலாம். அக்காலத்துத் திரை அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்டது. 256 வண்ணங்களில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட் எனக்கொண்டால், ஒரு முழுத்திரைக்கு 3,07,200 பைட்கள் ஆகும். நொடிக்குப் பத்துத் திரைகளைச் சேமித்தால் 30 லட்சம் பைட்களுக்கு மேல் தேவைப்படும், 1.44 மெகாபைட் பிளாப்பி ஒன்றில் அரை நொடிக்காட்சிகூட முழுமையாக அடங்காது. ஆனால் மென்பொருள் திரைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. காற்றில் ஆடும் மரத்தைப் படம்பிடித்தால் ஒவ்வொரு கணமும் காட்சி முழுவதும் மாறுகிறது; எழுத்தும் கட்டங்களும் நிறைந்த திரையிலோ சுட்டிக்குறி நகரும் சிறு சதுரத்தைத் தவிர மற்றவை அப்படியே நிற்கின்றன. மாறிய பகுதியை மட்டும் குறித்துவைத்தால் போதும் என்ற இவ்வறிவின்மீதே திரைப்பதிவு மென்பொருள்கள் எழுந்தன. லோட்டஸ் நிறுவனத்தின் ‘ஸ்கிரீன்கேம்’ 1994-இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் தனது ஆஃபிஸ் 97 குறுவட்டில் ‘கேம்கார்டர்’ என்ற சிறு பதிவியைச் சேர்த்துத் தந்தது. மிச்சிகனைச் சேர்ந்த டெக்ஸ்மித் நிறுவனத்தின் ‘கேம்டேசியா’ 2000-களின் தொடக்கத்தில் பயிற்சியாளர்களின் வழக்கமான கருவியாயிற்று. கேமராவோ ஒளிநாடாக் கூடமோ இன்றி, ஒலிவாங்கி ஒன்றுடன் எவரும் தம் மேசையிலிருந்தே படம் தயாரிக்கும் நிலை உருவாயிற்று.

இப்படங்களின் நம்பகத்தன்மை 1999 பிப்ரவரியில் ஒரு நீதிமன்றத்திலேயே சோதிக்கப்பட்டது. அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட்மீது தொடுத்த முற்றுரிமைத் தடுப்பு வழக்கில், விண்டோஸிலிருந்து உலாவியை நீக்கினால் கணிப்பொறியின் வேகம் குன்றும் என்பதற்குச் சான்றாக அந்நிறுவனம் ஓர் ஒளிநாடாவை முன்வைத்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டச்செய்து, சாளரத்தின் தலைப்புப் பட்டையில் இருந்த சொற்களைச் சுட்டினார். உலாவி நீக்கப்பட்ட கணிப்பொறியில் அச்சொற்கள் அவ்வாறு தோன்றியிருக்கக் கூடாது. திரையில் இருந்த குறும்படங்களும் ஒரு காட்சியில் இருந்து மறுகாட்சியில் மறைந்தன. ஒரே பொறியின் தொடர்ச்சியான இயக்கம் என்று கருதப்பட்ட படம் வெவ்வேறு பொறிகளின் காட்சிகளை ஒட்டியது என்பது வெளிப்பட்டது. நிறுவனம் படத்தை மீண்டும் எடுக்க நேர்ந்தது. ஒரு விரற்கடைகூட உயரமில்லாத ஒரு பட்டை சாட்சியாக நின்ற இந்நிகழ்வு, வெட்டப்படாத காலம் ஏன் இக்கலைக்கு அடித்தளம் என்பதை எந்த விளக்கத்தையும்விட நன்றாகக் காட்டுகிறது. செயல்விளக்கத்தைப் பார்ப்பவர், முந்திய கணத்திலிருந்துதான் இந்தக் கணம் பிறந்தது என்று நம்புகிறார். வெட்டும் ஒட்டும் அந்த நம்பிக்கையைக் கடன்வாங்குகின்றன.

‘ஸ்கிரீன்காஸ்ட்’ என்ற பெயர் இவ்வடிவுக்கு அமைந்தது 2004 இறுதியில். ‘இன்ஃபோவேர்ல்டு’ இதழின் கட்டுரையாளர் ஜான் யூடெல் தம் வாசகர்களிடம் பெயர் கேட்டு, வந்தவற்றுள் இதைத் தேர்ந்தெடுத்தார். 2005 ஜனவரியில் அவரே வெளியிட்ட படம் ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரையின் திருத்த வரலாற்றைக் கதையாகச் சொன்னது. ராக் இசைக்குழுக்கள் தம் பெயரெழுத்துகளின் தலைமேல் அலங்காரமாக இட்டுக்கொள்ளும் இரட்டைப்புள்ளியைப் பற்றிய கட்டுரை அது. முதல் சில வரிகளிலிருந்து அது வளர்வதும், எவரோ அதைச் சிதைப்பதும், மற்றொருவர் உடனே சீர்செய்வதும் சுட்டிக்குறியின் வழியே பார்ப்பவர் கண்முன் நிகழ்ந்தன. யாரும் திருத்தக்கூடிய கலைக்களஞ்சியம் எப்படி நிலைக்கும் என்று அந்நாளில் ஐயுற்றவர்களுக்கு, சில நிமிடப் படம் ஒன்று வாதத்தைவிட வலுவான விடையாக அமைந்தது.

அதே 2005-இல் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹெய்ன்மையர் ஹான்சன், ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ என்னும் நிரலாக்கச் சட்டகத்தைக் கொண்டு 15 நிமிடங்களில் ஒரு வலைப்பதிவு மென்பொருளைத் தொடக்கத்திலிருந்து எழுதிக் காட்டினார். நிரலாக்கச் சட்டகம் என்பது பொதுவாகத் தேவைப்படும் பகுதிகளை ஆயத்தமாகத் தந்து, மீதியை மட்டும் எழுதவிடும் ஏற்பாடு. படத்தின் நடுவில் அவர் தவறுசெய்கிறார். பிழைச்செய்தி திரையை நிறைக்கிறது. வியப்பொலி ஒன்றுடன் அதைத் திருத்தி மேலே செல்கிறார். மெருகிட்ட விளம்பரத்தில் முதலில் வெட்டப்பட்டிருக்கும் அப்பகுதிகள்தாம் நிரலாளர்களின் நம்பிக்கையை வென்றன. பிழை வந்தால் என்ன ஆகும் என்பதே கருவியைத் தேர்பவரின் முதல் கவலை. அதற்கு விடை படத்திலேயே இருந்தது.

2005-இல் தொடங்கிய யூடியூப் பரவலை எளிதாக்கியது. 2006 மார்ச்சிலிருந்து அது பெரும்பாலான பயனர்களுக்கு விதித்த 10 நிமிட வரம்பு சுருக்கத்தையும் பழக்கியது. பொருளை விற்பதில் குறும்படத்தின் ஆற்றலுக்கு டிராப்பாக்ஸின் வரலாறு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு கணிப்பொறியில் சேமித்த கோப்பு மற்றொன்றில் தானே தோன்றும் என்ற கருத்தைச் சொல்லி நம்பவைக்க இயலாத நிலையில், அதன் நிறுவனர் டிரூ ஹூஸ்டன் மூன்று நிமிட அளவில் தாமே பேசி இயக்கிக் காட்டிய படம் 2008-இல் பரவியபோது, சோதனைப் பதிப்புக்குக் காத்திருந்தோர் பட்டியல் ஒரே இரவில் 5,000-லிருந்து 75,000 ஆனது. மறுபுறம், சியாட்டிலின் காமன் கிராஃப்ட் இணையர் 2007 முதல், திரையையே காட்டாமல், வெண்பலகையின்மீது வெட்டிய காகித உருவங்களைக் கையால் நகர்த்தி மென்பொருளை விளக்கினர். டிராப்பாக்ஸும் பின்பு தன் முகப்புக்கு அவர்களையே நாடியது. எதற்காக என்ற வினாவுக்குக் காகித உருவங்கள் போதும். எப்படி என்ற வினாவுக்குத் திரை வேண்டும். இவ்விரண்டையும் ஒரே படத்தில் திணிப்பதால்தான் இன்றைய விளக்கப் படங்களுள் பல இரண்டுக்கும் உதவாமல் போகின்றன.

இந்தியாவில் இவ்வடிவம் கல்விக் கருவியாக மிக முறையாக வளர்ந்தது மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னெடுத்த ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில்தான். தகவல் தொடர்புத் தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின் நிதியால் நடந்த இத்திட்டம், லினக்ஸ், லிப்ரே ஆஃபிஸ், சைலேப், லேடெக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை ஏறத்தாழப் பத்து நிமிடப் படங்களாகப் பிரித்துக் கற்பித்தது. ஆசிரியர் அருகில் இல்லாத கல்லூரி மாணவர் தனியே அமர்ந்து கற்கவேண்டும் என்பதே இதன் வரையறை. அதற்காகப் படத்தை எடுக்குமுன் இரண்டு பத்திகளாக உரை எழுதப்படுகிறது: ஒன்றில் திரையில் நிகழவேண்டியது, மற்றொன்றில் அப்போது பேசவேண்டியது. அம்மென்பொருளை முன்பின் அறியாத ஒருவர் அவ்வுரையை மட்டும் வைத்துச் செய்துபார்க்கிறார். அவர் தடுக்கிய இடம் திருத்தப்பட்ட பின்பே பதிவு தொடங்குகிறது. கற்பவரும் திரையை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் படத்தையும் மறுபாதியில் மென்பொருளையும் வைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்யுமாறு அறிவுறுத்தப்படுகிறார். மெக்கின்டாஷின் கேசட் தந்த இடைவெளி இங்கு ஒரு கற்பித்தல் முறையாகவே திரும்பி வந்தது.

இப்படங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒலிமாற்றம் செய்யப்பட்டன. வேலைக்குச் செல்லும் இடத்தில் மாணவர் காணப்போவது ஆங்கிலத் திரையே என்பதால், திரையை மாற்றாமல் குரலை மட்டும் மாற்றும் முடிவு எடுக்கப்பட்டது. பதிவான காட்சியின் கால அளவுக்குள் தமிழ் வாக்கியம் முடியவேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளரின் பெருஞ்சுமை. ஆங்கிலத்தில் ‘அழுத்து’ என்னும் வினை முதலில் வந்துவிடும்; எதை, எங்கே என்பன பின்னால் வரும். தமிழிலோ ‘மேலே இடப்பக்கம் உள்ள ஃபைல் மெனுவில் சேவ் என்பதை அழுத்துக’ என்று இடமும் பொருளும் முன்னே வந்து, வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலக் குரலுக்கேற்ப நகர்த்திய சுட்டிக்குறி தமிழ்க் குரல் வினையை எட்டுமுன்னரே அழுத்திவிடுவதுண்டு. ஆனால் முதலிலிருந்தே தமிழில் எழுதிப் படமெடுத்தால் இதே சொல்வரிசை பெரும் நன்மையாகிறது: வாக்கியம் முதலில் கண்ணை இடத்துக்கு அழைத்துச் செல்கிறது, பின்பு அதனுள் பொருளைக் காட்டுகிறது, கண் சென்று சேர்ந்த பிறகே கையை அசைக்கச் சொல்கிறது. செயல்விளக்கத்திற்கு இதைவிடப் பொருத்தமான வரிசையை எண்ணிப் பார்ப்பது அரிது. தமிழிலேயே உருவாகும் பயிற்சிப் படங்கள் பலவும் ஆங்கில உரையின் அடியொற்றி ‘கிளிக் பண்ணுங்க’ என்று தொடங்கி இந்த வசதியைக் கைவிடுவது வருந்தத்தக்கது.

இப்படங்களை அழியாமல் காப்பது வேறொரு கவலையாக நீடிக்கிறது. 2000-களில் ‘ரோபோடெமோ’, அதன் வழிவந்த ‘கேப்டிவேட்’ ஆகியவற்றால் உருவான செயல்விளக்கங்கள் ஃப்ளாஷ் வடிவில் வெளியாயின. கற்பவர் சரியான இடத்தை அழுத்தினாலன்றி அடுத்த படிக்கு நகராத ஊடாட்டப் பயிற்சிகளும் அவற்றில் இருந்தன. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ஃப்ளாஷுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. சில நாள்களில் ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்டும் இயக்கியும் அவற்றை ஓட்டாமல் தடுத்துவிட்டது. ஸ்கிரீன்கேம் கோப்புகளைத் திறக்கப் பழைய விண்டோஸைத் தேடவேண்டியுள்ளது. காட்டப்பட்ட மென்பொருள்களும் பல மறைந்துவிட்டதால், அவற்றை ஒருவர் எப்படி இயக்கினார் என்பதற்கு இப்படங்களைத் தவிர வேறு சான்று இல்லை. 1968-இல் மென்லோ பார்க்கில் ஒரு கேமராவின் முன் ஒளிர்ந்த ஐந்தங்குலத் திரையின் எழுத்துகளோ படச்சுருளின் துணையால் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. வாழைப்பழம் என்ற சொல்லை எங்கல்பர்ட்டின் சுட்டிக்குறி தேடிச் சென்று தொடுவதை யாரும் பார்க்கலாம்.